'தீராத' தொங்கிய கிளை

படம் கேட்டு ஆறாவது மாடிவரை நேரில் ஏறி வந்த முதல் ஆள் ஏகாம்பரம்தான். மற்றவர்கள் தபாலில் கேட்பார்கள். சுகிர்தா படத்தை அச்செடுத்து, மடித்து, உறையில் போட்டு அனுப்பிவிடுவாள். பெரும்பாலும் வக்கீல் குமாஸ்தாக்கள், சில சமயம் ஆராய்ச்சி மாணவர்கள். வாங்கியவர்களுக்கு அது புரிந்ததா என்று அவளுக்குத் தெரியாது. புரியவில்லை என்று யாரும் திரும்பிக் கேட்டதில்லை.

அரசு விதிகளை எல்லாம் விதித்தமிழில் எழுதும் சட்டம் வந்து பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. விதித்தமிழ் என்பது தனி மொழி ஒன்றும் இல்லை. சாதாரணத் தமிழ் வாக்கியம்தான். அதை ஒரு கம்பைலர் படிக்கும். சொற்களைப் பிரித்து, எது எதைச் சேர்ந்தது என்று பார்த்து, தனக்குள் ஒரு மரமாக அடுக்கிக்கொள்ளும். அந்த மரம் சொல்கிறபடி முதியோர் ஓய்வூதியம் முதல் மாற்றுச் சிறுநீரகம் வரை எல்லாம் நடக்கும். நடுவில் ஆள் கிடையாது. ஆள் இருந்த காலத்தில் சிபாரிசு இருந்தது, தெரிந்தவர் இருந்தார்கள். அதனால் மக்களே போராடிக் கேட்டு வாங்கிய சட்டம் அது. சந்தேகப்பட்ட சிலரைச் சமாதானப்படுத்தக் கடைசியில் ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். தன்னைப் பாதித்த முடிவின் மரத்தைப் படமாகக் கேட்டு வாங்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு.

அந்தப் படங்களை அச்சிடும் அறையில் சுகிர்தா ஒருத்திதான் இருந்தாள். அதற்கு முன் ஆறு வருடங்கள் விதி எழுத்தராக இருந்தவள். கணவன் நிதிலனுக்குச் சிறுநீரகம் மாற்றிய பிறகு, நேரத்தோடு வீடு போகிற வேலை வேண்டும் என்று கேட்டு இங்கே மாறி வந்தாள்.

"உக்காருங்க சார்."

"இருக்கட்டும்மா. கம்பத்துல நின்னே பழக்கம்." வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "பேரு ஏகாம்பரம். கொடிவேலம்பட்டு, வேலூர் தாண்டி உள்ள போவணும். லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனேன். இது எம் பொண்ணு நம்பரு. பூங்கோதை. கிட்னிக்குப் பதிஞ்சிருந்தோம். அது எப்படி முடிவு பண்ணுச்சுன்னு படம் தருவாங்கன்னு சொன்னாங்கோ."

"அவங்க கையெழுத்து வேணும் சார். அவங்க வரலையா?"

"மாசி மாசம் தவறிட்டா."

சுகிர்தா வேறு எதுவும் கேட்காமல் எண்ணைத் தட்டினாள்.

படம் வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். வேர் மேலே, கிளைகள் கீழே. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு சொல். பூங்கோதையின் விவரங்கள் மரத்தில் இறங்கிய பாதை சிவப்புக் கோடாகத் தெரிந்தது. பெரிய தாளில் அச்செடுத்து மேசைமேல் விரித்தாள். ஏகாம்பரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"மேல இருக்கறதுதான் ஆரம்பம் சார். அங்கிருந்து ஒவ்வொரு கேள்வியா கேட்டுக்கிட்டே கீழ வரும்."

"எங்க லைன் மேப்பு மாதிரிதான் கீது," என்றார் அவர். ஒரு விரலைச் சிவப்புக் கோட்டில் வைத்து மெதுவாக இறக்கினார். வயது, இரத்தப் பிரிவு, டயாலிசிஸ் தொடங்கிய நாள். விரல் எங்கும் நிற்காமல் இறங்கி ஓரிடத்தில் வலப்பக்கம் திரும்பியது. அதற்கு அடியில் ஒரே வட்டம். 'சேர்க்காதே.'

"அப்படின்னா?"

"வரிசையில சேர்க்கல சார்."

"பின்னாடி தள்ளிட்டாங்களா?"

"இல்ல சார். வரிசையிலயே இல்ல."

அவர் விரலை அந்த வட்டத்தின்மேல் வைத்தார். "நாலு வருஷம் காத்துகினு இருந்தோமே."

சுகிர்தா அந்தக் கிளையின் வாக்கியத்தைத் திரையில் பெரிதாக்கினாள். 'தீராத காசநோயோ மஞ்சள் காமாலையோ பதிவான நோயாளிகளை ஒதுக்கீட்டு வரிசையில் சேர்க்கக் கூடாது.'

"பூங்கோதைக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கா?"

"ஒம்பது வயசுல வந்துச்சு. எங்க ஊர்ல தண்ணிக் குழாயில சாக்கடை கலந்துடுச்சு, அந்த வருஷம் தெருவுல பாதிப் பேருக்கு வந்துச்சு. மூணு வாரத்துல சரியாயிடுச்சு. அப்பறம் நல்லாத்தான் இருந்தா." அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "இங்க ஒண்ணு கேக்கறேன். இந்த 'தீராத'ங்கற வட்டம் எதுக்கு இங்க தொங்குது?"

அவள் பார்த்தாள். 'ஓ' என்ற ஒரு வட்டத்திலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. இடப்பக்கம் காசநோய். வலப்பக்கம் மஞ்சள் காமாலை. 'தீராத' என்ற சொல் இடப்பக்கக் கிளையில், காசநோய்க்கு மட்டும் கீழே இருந்தது.

"ரெண்டு வீட்டுக்கும் பொதுவா மேல கம்பத்துல இருக்க வேண்டியதும்மா இது. ஒரு வீட்டு சர்வீஸ் வயர்ல மட்டும் மாட்டி வெச்சிருக்காங்கோ. அடுத்த வீட்டுக்கு ஃப்யூஸே இல்லாம நேரா போவுது. காசநோய் வந்து சரியாப் போனவன் தப்பிச்சான். காமாலை வந்து சரியாப் போனவ மாட்டிகினா." அவர் நிமிர்ந்தார். "நான் சொல்றது சரியா?"

சரிதான். விதியை வாக்கியமாகப் படிக்கும் எவரும் தீராத காசநோய், தீராத மஞ்சள் காமாலை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சுகிர்தாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். தாளின் ஓரத்தில் எழுத்தர் எண் 17 என்று சிறியதாக அச்சாகியிருந்தது. அது அவளுடைய எண்.

"யாரு எழுதனதும்மா இது?"

"விசாரிச்சுத்தான் சார் சொல்லணும்," என்றாள் சுகிர்தா.

அவர் தாளை நான்காக மடித்தார். "என் பொண்ணு போயிட்டா. அவளுக்காக வரல. எங்க தெருவுல இன்னும் மூணு பேரு டயாலிசிஸ்ல கீறாங்க. எல்லாரும் அதே வருஷம் அதே தண்ணியக் குடிச்சவங்க. அவங்களாவது வரிசையில கீறாங்களான்னு பாக்கணும். பாத்துச் சொல்றீங்களா?"

பார்ப்பதாகச் சொன்னாள். அவர் போன பிறகு மூன்று எண்களையும் தட்டினாள். மூன்று படங்களிலும் சிவப்புக் கோடு அதே இடத்தில் வலப்பக்கம் திரும்பியது.

அன்று மாலைக்குள் பழைய மருத்துவக் குழுவின் கூட்டக் குறிப்பைத் தேடி எடுத்தாள். டாக்டர்கள் சொன்னது அதில் தெளிவாக இருந்தது. நடப்பில் உள்ள காசநோய், நடப்பில் உள்ள மஞ்சள் காமாலை. குணமானவர்களுக்குத் தடை இல்லை என்று தனி வரியே இருந்தது. அதை ஒரு வாக்கியமாகச் சுருக்கியது அவள். ஆறு வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம், ஆஸ்பத்திரி நடைபாதையில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். உள்ளே நிதிலனுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. எழுதி முடித்து ஒரு தரம் படித்தபோது, வாக்கியம் கொஞ்சம் நெருக்கமாக இருப்பதாகத் தோன்றியது அவளுக்கு நினைவிருந்தது. அதற்குள் நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அனுப்பிவிட்டு எழுந்து போனாள். சோதனைக்கு வைத்த முந்நூறு மாதிரி நோயாளிகளில் காமாலை வந்து குணமானவர் ஒருவர்கூட இல்லை. அந்த நாளில் யாரும் படம் எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

அந்தக் கிளையில் திரும்பியவர்கள் அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர். அவர்களில் எண்பத்து மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள்.

மறுநாள் காலையில் துணை இயக்குநர் தயாபரனிடம் படத்தையும் கூட்டக் குறிப்பையும் கொண்டுபோய் வைத்தாள். அவர் நல்ல மனிதர். இரண்டையும் முழுதாகப் படித்தார். படித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது சுகிர்தா. நான் என்ன பண்ண முடியும்?"

"ஒரு சொல்ல மாத்தினாப் போதும் சார். 'தீராத'ன்னு ரெண்டாவது தடவை போடணும். அவ்வளவுதான்."

"அந்த ஒரு சொல்ல மாத்தற அதிகாரம் எனக்கு இருந்திருந்தா, இந்த மெஷினே வந்திருக்காது. மனுஷன் கை வைக்கக் கூடாதுன்னுதானே கொண்டுவந்தோம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனு போடணும். ஒரு பிரிவுக்கு ஒரு மனுதான். விதித்தமிழ்லதான் எழுதணும், மெஷின்தான் படிக்கும். ஏத்துக்கிட்டா அன்னிக்கே திருத்திடும். தள்ளிட்டா அடுத்த மறு ஆய்வு அஞ்சு வருஷம் கழிச்சு. பாத்து எழுதுங்க. எழுதினவங்களே ஒத்துக்கிட்டுக் கொடுத்தா எடுபடும். வேற யார் கொடுத்தாலும் ஊகம்னு தள்ளிடும்."

"நானே கொடுக்கறேன் சார்."

"உங்க வீட்டுக்காரர் அதே வரிசையில இருந்தவர். அதை யோசிச்சீங்களா?"

அவள் யோசித்திருந்தாள். முந்தைய இரவு அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஏகாம்பரத்திடம் மறைக்க அவளால் முடியவில்லை. மதியம் அவருக்குத் தொலைபேசியில் பேசினாள். எழுதியது நான்தான் சார், நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் என்றாள். மறுமுனையில் பேருந்து ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"சரிம்மா," என்றார் கடைசியில். "லைன்ல தப்பா கனெக்‌ஷன் குடுத்தவன் இருந்தாத்தான் சீக்கிரம் பிரிச்சுக் கட்ட முடியும். நீங்க இருக்கறது நல்லதுதான். அந்த மூணு பேரையும் சேத்துடுங்க."

மனுவைப் பத்து நாட்கள் எழுதினாள். பன்னிரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எழுதியதும் தன் அறையிலேயே மரமாக வரைந்து, அச்செடுத்து, சுவரில் ஒட்டிப் பார்த்தாள். எந்தச் சொல் எந்தக் கிளையில் போய் உட்கார்கிறது என்று விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். வாக்கியத்தை உடைத்தாள், சொல்லை இடம் மாற்றினாள், மறுபடி வரைந்தாள். பத்தாம் நாள் பன்னிரண்டு படங்களும் அவள் நினைத்ததையே சொல்லின.

அன்று மாலைதான் நிதிலனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டு மேசையில் பயறு உரித்துக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் கைகள் மெதுவாகி நின்றன.

"எந்த மாசம் அதை எழுதின?"

"ஆகஸ்ட்."

"எனக்கு ஜூன்ல கண்டுபிடிச்சாங்க."

"ஆமா."

"பதினாலு மாசத்துல எனக்குக் கிடைச்சுது. டாக்டரே ஆச்சரியப்பட்டார், மூணு வருஷம் ஆகும்னு நெனச்சேன்னு." அவன் உரித்த பயறைப் பார்த்தபடியே பேசினான். "முன்னாடி நிக்க வேண்டியவங்க வரிசையில இல்லாததாலதான் கிடைச்சுது. இல்லையா?"

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சுகி. நீ தெரிஞ்சு எழுதலையே?"

திருமணமாகிப் பன்னிரண்டு வருடங்களில் அவன் அவளிடம் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. கேட்டுவிட்டோமே என்ற வருத்தமும், பதில் என்னவாக இருக்குமோ என்ற பயமும் அதில் சேர்ந்தே இருந்தன.

"இல்ல."

"சரி," என்றான். உடனே சொன்னான், நம்பிவிட்ட மாதிரி. ஆனால் தலை நிமிரவில்லை. சற்றுக் கழித்து, "அப்ப அதையும் மனுவில எழுதிடு. தெரிஞ்சு செய்யலன்னு ஒரு வரி. நாளைக்கு யாரும் அதைக் கேட்கக் கூடாது. என் வயித்துக்குள்ள இருக்கறதை வெச்சு யாரும் உன்னைப் பேசக் கூடாது" என்றான்.

அதுவரை தினமும் காலையும் மாலையும் அவனுடைய மாத்திரைகளை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அன்று அவனே எழுந்து போய் எடுத்து விழுங்கிக்கொண்டான். அதற்குப் பிறகும் அப்படியே தொடர்ந்தது.

காலையில் அலுவலகம் போனதும் மனுவின் முடிவில் பதின்மூன்றாவது வாக்கியத்தைச் சேர்த்தாள். 'நான் தெரிந்து அந்தப் பிழையைச் செய்யவில்லை.' எழுதியதும் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நிதிலனிடம் காட்டலாம் என்று நினைத்தாள். கையொப்பம் போட்டு அனுப்பினாள்.

பதில் நான்கு நிமிடங்களில் வந்தது. 'அந்தப் பிழையைத் தான் செய்யவில்லை என விதி எழுத்தர் அறிந்து உறுதி கூறுகிறார். எனவே பிழை நிகழவில்லை. மனு முடிக்கப்பட்டது. இப்பிரிவின் அடுத்த மறு ஆய்வு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்.'

அவள் அதை மூன்று தரம் படித்தாள். பிறகு தன் மனுவுக்கே படம் கேட்டு, தன் கையாலேயே அச்செடுத்தாள். பன்னிரண்டு வாக்கியங்களும் சரியாக இருந்தன. பதின்மூன்றாவதில் 'தெரிந்து' என்ற சொல் 'செய்' என்பதன் கீழே இல்லை. மேலே, வேருக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. தெரிந்துதான் சொல்கிறேன், பிழையைச் செய்யவில்லை என்று கம்பைலர் படித்திருந்தது. முன்னுக்குப்பின் முரணானால் பின்னால் வரும் வாக்கியமே செல்லும் என்பது விதித்தமிழின் பொது விதி. அதன்படி முதல் பன்னிரண்டும் உதிர்ந்துவிட்டன.

தயாபரன் வந்து படத்தைப் பார்த்தார். "இதை வரைஞ்சு பாக்கலையா?" என்று கேட்டார்.

"கடைசி வரிய மட்டும் பாக்கல சார்."

"இந்த வரி எதுக்கு?"

"எனக்காக," என்றாள்.

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு, நீதிமன்றம் இருக்கிறது, மேல்முறையீடு என்று ஏதோ சொன்னார். கம்பைலர் முடித்த மனுக்கள் அங்கே எத்தனை வருடங்களாகக் கிடக்கின்றன என்பது இருவருக்கும் தெரியும். பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு வெளியே போனார்.

சனிக்கிழமை சுகிர்தா கொடிவேலம்பட்டுக்குப் போனாள். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவளைக் கூட்டிக்கொண்டு அரசு டயாலிசிஸ் மையத்துக்கு நடந்தார். ஒரு நீளமான அறை, ஐந்து சாய்வு நாற்காலிகள், சுவரோரம் ஓடும் எந்திரங்கள். கடைசி நாற்காலியில் இருந்தவளைக் காட்டி, "மேகலா. ப்ளவுஸ் தைக்குது. மத்த ரெண்டு பேருக்கும் நாளைக்குத்தான் முறை" என்றார்.

மேகலாவுக்கு முப்பது வயதிருக்கும். இடது கையில் இரண்டு குழாய்கள் செருகியிருந்தன. வலது கையால் நாற்காலியை இழுத்துப் போட முயன்றாள். சுகிர்தாவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் எழுதிய வாக்கியத்தை, தன் கணவனுக்குக் கிடைத்ததை, பத்து நாள் வரைந்து பார்த்ததை, கடைசி வரியை. எதையும் விடவில்லை. ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காமாலை வந்தப்போ ஏழு வயசு," என்றாள் மேகலா. "கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க. சரியாயிடுச்சு. எனக்கு அது ஞாபகமே இல்லக்கா. அம்மா சொல்லித்தான் தெரியும்."

சுகிர்தா தலையசைத்தாள்.

"உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காரா?"

"இருக்கார்."

"ஒரு தடவ வெச்சா எத்தன வருஷம் வரும்?"

"பத்து, பன்னெண்டு வருஷம் சொல்றாங்க."

"பரவால்ல," என்றாள் மேகலா. அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு தகவலைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் போலத்தான் இருந்தாள். "அப்ப என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"மாட்டாங்க," என்றாள் சுகிர்தா.

ஏகாம்பரம் சுவரிலிருந்து நகர்ந்து வந்து மேகலாவின் நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டார். பார்க்க வேறு எதுவும் இல்லாமல், எந்திரத்தின் சக்கரம் சுற்றுவதையும் குழாயில் இரத்தம் ஏறுவதையும் மூன்று பேரும் பார்த்தார்கள்.

மேகலா மடியில் துணிப்பைக்கு அடியில் கிடந்த கைபேசியை எடுத்தாள். "எந்த நேரத்துல கூப்பிட்டாலும் எடுக்கணும்னு சொல்லியிருந்தாங்கல்ல. பதிஞ்ச அன்னைலருந்து இதை நான் ஆஃப் பண்ணதே இல்ல. கரண்ட் போனாக்கூட பக்கத்துக் கடையில போய்ச் சார்ஜ் போட்டுகினு வருவேன். சின்னதா சத்தம் கேட்டாலும் எழுந்து உக்காந்துக்குவேன்." ஒற்றைக் கையால் அதை ஏகாம்பரத்திடம் நீட்டினாள். "ஆஃப் பண்ணிடுங்க மாமா. கொஞ்ச நேரம் தூங்கறேன்."

அவர் வாங்கி, பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். அணைக்கவா என்று திரை கேட்டது. அவர் சுகிர்தாவைப் பார்த்தார். பிறகு ஆம் என்பதைத் தொட்டார்.